லாரி இறங்கும் ஆழம்வரை நாம் இறங்க வேண்டாம்: ஊர் சப்வேயைத் திரும்பக் கட்டும்போது கேட்டு வாங்க வேண்டியவை

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் எங்கள் ஊர் பழைய சப்வேயின் தரையில் மழைநீர் ஓடைக்கு ஒரு கம்பி மூடி உண்டு. கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே நாலு சென்டிமீட்டர் இடைவெளி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாசக் காலை, முந்தின ராத்திரி பெய்த மழையில் மூடிமேல் கணுக்கால் அளவு வெள்ளம் கிடந்தது. இறக்கத்தில் சைக்கிளில் வந்த எனக்கு மூடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முன்சக்கரம் இடைவெளிக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நான் ஹேண்டிலுக்கு மேலே போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.

28 வருஷம் நாகர்கோவிலில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவள் நான். அதே மாதிரி மூடியை எத்தனையோ வரைபடத்தில் என் கையால் வரைந்திருக்கிறேன். கம்பி எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று ஒரு தடவைகூடப் பக்கத்தில் எழுதியதில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு வாரமும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் இரட்டை ரயில் பாதைக்காக எங்கள் சப்வேயை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஊர் இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவில். 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதையில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஊர் இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது. வீடுகள் வடக்கே, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சந்தை எல்லாம் தெற்கே. அந்த வேலையில் நாங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஒன்றரை வருஷம் விடாமல் பின்னால் நடந்தோம். கேட்டதில் பாதிக்கு மேல் கிடைத்தது. உங்கள் ஊரிலும் ரயில்வே கேட்டை மூடி சப்வே கட்டினாலோ, பழைய சப்வேயைப் பெரிதாக்கினாலோ, என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

வரைபடம் முதலில்

கான்கிரீட் பெட்டியைத் தண்டவாளத்துக்கு அடியில் தள்ளி வைத்த பிறகு நீங்கள் போய் நின்றால் விளக்கும் பெயின்ட்டும்தான் கேட்க முடியும். ஆழம், அகலம், சரிவு மூன்றும் வரைபடத்தில் முடிவாகிறவை. ஆகவே டெண்டருக்கு முன்னாலேயே ஜி.ஏ.டி. என்று அவர்கள் சொல்லும் பொது அமைப்பு வரைபடத்தைக் கையில் வாங்கிவிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் பெட்டி ரயில்வேயுடையது. நம் மாவட்டத்துக்குத் திருவனந்தபுரம் கோட்டம். இரண்டு பக்கச் சரிவுச் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையோ உள்ளாட்சியோ பார்ப்பது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். ஓரிடத்தில் கேட்டால் அது மற்றவர் எல்லை என்ற பதில்தான் வரும்.

மனுவில் "வரைபடம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மேலிருந்து பார்க்கும் படம் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். மட்டங்கள் குறித்த நீள்வெட்டுப் படம், பெட்டியின் குறுக்குவெட்டுப் படம், மழைநீர் ஓடையும் அந்தத் தண்ணீர் சேரும் தொட்டியான சம்ப்பும் காட்டும் படம், விளக்கு போடும் இடங்கள் என்று பிரித்து எழுத வேண்டும். நீள்வெட்டுப் படத்தைப் பார்க்கத் தெரியாவிட்டால் ஊரில் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். மட்டம் என்பது அவர்களுக்கு அன்றாடப் பாடு. எங்களுக்கு உதவிய கொத்தனார் அண்ணன் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "மைனி, இதுல எறங்கீரலாம். சைக்கிள உருட்டிட்டு ஏறதுக்கு ஆளு வேணும்" என்றார். படத்தில் அந்த இறக்கம் 3.8 மீட்டர்.

மேடை கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: நடப்பவரும் சைக்கிளும் லாரி இறங்கும் ஆழம்வரை இறங்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. எங்கள் சப்வேயில் வண்டி போக 4.5 மீட்டர் உயரம் வைத்திருந்தார்கள். பெட்டியின் கூரை வெளியே உள்ள நிலத்தைவிட 0.7 மீட்டர் மேலே. ஆகவே சாலை நிலத்துக்குக் கீழே 3.8 மீட்டர் போகிறது. ஆனால் ஆளுக்கும் சைக்கிளுக்கும் 2.5 மீட்டர் உயரம் போதும். அதே கூரைக்கு அடியில், பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க, சாலையைவிட 2 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை கட்டினால், அதில் போகிறவர் 1.8 மீட்டர் மட்டும் இறங்கி ஏறினால் போதும். 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் என்ற சரிவில் வைத்தால் சாலைக்கு 76 மீட்டர் சரிவு வேண்டும். மேடைக்கு 36 மீட்டர். நெதர்லாந்தில் சைக்கிள் பாதையைப் பல இடங்களில் இப்படித்தான் வண்டிச் சாலையைவிட உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

மேடையால் ஏற்றம் பாதியாகிறது என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் நம் மாவட்டத்துக்கு மழையில் இருக்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் நமக்கு உண்டு. ஜூனில் ஒரு தடவை, அக்டோபரிலிருந்து இன்னொரு தடவை. சாலையில் இடுப்பளவு வெள்ளம் நின்றாலும் மேடை காய்ந்து கிடக்கும். பம்பு ஓடாத நாளிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம். மூன்றாவது லாபம், நடப்பவருக்கும் லாரிக்கும் நடுவே 2 மீட்டர் சுவரே வந்துவிடுகிறது. 15 சென்டிமீட்டர் ஓரக்கல் ஒரு பைக்கைக்கூடத் தடுக்காது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"மேடைக்குப் பதில் பக்கத்தில் தனியாகச் சின்னப் பெட்டி வைத்துத் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். எங்களிடமும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தனிப் பெட்டியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடந்தால் அவளை யாரும் பார்க்க மாட்டார்கள். பெரிய பெட்டிக்குள்ளேயே மேடை இருந்தால் போகிற ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் கண்ணும் அவள்மேல் படும். ஜவுளிக்கடை வேலை முடிந்து ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர். அவர்களைக் கேட்டோம். ஒருத்திகூடத் தனிப் பெட்டி வேண்டும் என்று சொல்லவில்லை. இடமில்லாமல் வேறு வழியே இல்லையென்றால் தனிப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் குறைந்தது 3 மீட்டர் அகலம், நேர்கோடு, இந்த வாயில் நின்றால் அந்த வாய்க்கு வெளியே ஆள் நிற்பது தெரிய வேண்டும் என்ற மூன்றையும் விடாதீர்கள்.

அகலம், உயரம், சுமை

நடைபாதைக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி ஐ.ஆர்.சி. 103, தடையில்லாத அகலம் 1.8 மீட்டர், உயரம் 2.2 மீட்டர் என்று சொல்கிறது. அது நடப்பவருக்கு மட்டுமான குறைந்தபட்சம். சைக்கிளும் சேர்ந்து போகும் மேடைக்கு 3 மீட்டர் கேளுங்கள். ஒரு பக்கம் பெட்டிச் சுவர், மறுபக்கம் கம்பி வேலி. சுவரை உரசிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் இரண்டு சாண் விட்டுத்தான் போவார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு 3 மீட்டர் கிடைக்கவில்லை; 2.5 கிடைத்தது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேகம் குறைத்தால்தான் போக முடிகிறது.

உயரத்தை நாங்கள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். குளச்சல் மீனைத் தலையில் சுமந்து வீடு வீடாக வரும் அக்கா ஒருத்தரை எங்கள் வீட்டுத் திண்ணைப் பக்கம் நிறுத்தி, தலையில் சும்மாடும் சட்டியும் அதன்மேல் மூடிய தட்டும் இருந்தபடியே டேப் பிடித்தோம். தரையிலிருந்து தட்டின் உச்சி 2 மீட்டர் 6 சென்டிமீட்டர். அவர் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சட்டி மேலே எழும்பி இறங்குவதையும் பார்த்தோம். "கைய ஒசத்திச் சட்டியப் பிடிக்கணும்லா, அதையும் சேத்து அளக்கணும் மக்ளே" என்று அவரே சொன்னார். 2.2 மீட்டர் போதாது, 2.5 வேண்டும் என்று நாங்கள் எழுதியது அந்த அளவை வைத்துத்தான். கூரையில் விளக்கும் கேபிளும் தொங்கினால் அதற்கும் கீழே 2.5 இருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினோம். அது முக்கியம். வரைபடத்தில் 2.5 காட்டிவிட்டு விளக்குப் பெட்டியால் 20 சென்டிமீட்டரைத் தின்றுவிடுவார்கள்.

இதேபோல உங்கள் ஊரில் என்ன சுமை போகிறதோ அதை அளங்கள். இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டிய சைக்கிள், கேரியரில் கேன் வைத்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, சிலிண்டர் கட்டிய சைக்கிள், தோவாளைப் பக்கமானால் பூக்கூடை. வாழைக்குலைச் சைக்கிள் ஒன்றின் அகலத்தை அளந்தபோது 1.2 மீட்டரைத் தாண்டியது.

சரிவை எப்படி அளப்பது

1:20 என்பது சைக்கிளைச் சாதாரண ஆள் இறங்காமல் மிதிக்கக்கூடிய சரிவு. 1:30 கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலிக்கு 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கவே கூடாது, அதுவும் இடையிடையே நின்று மூச்சுவிடச் சமதளத்தோடு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை அவர்கள் பயன்படுத்தும்படி கட்டச் சொல்கிறது. மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். படித்துப் பார்த்ததும் எங்கள் மனு வேறு மேசைக்குப் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கட்டி முடித்த பிறகு சரிவைச் சரிபார்க்கக் கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். இல்லாவிட்டால் 2 மீட்டர் நீளமான நேரான அலுமினியச் சட்டம், அதன்மேல் ரசமட்டம். சட்டத்தின் மேல்முனையைச் சரிவில் ஊன்றி, குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் 1:20. 16.7-ஐத் தாண்டினால் அது 1:12-ஐவிடச் செங்குத்து. ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை அளங்கள். சராசரியில் 1:20 காட்டிவிட்டுக் கடைசி பத்து மீட்டரில் செங்குத்தாக ஏற்றியிருப்பார்கள். மேலே சாலையோடு சேர்க்கும்போது மட்டம் தவறிப் போவதால் வருவது இது.

இறக்கத்தின் வேகத்தையும் நினைக்க வேண்டும். 3.8 மீட்டர் ஆழத்துக்கு மிதிக்காமல் உருண்டு இறங்கினாலே சைக்கிள் மணிக்கு 25 கிலோமீட்டரை நெருங்கிவிடும். 1.8 மீட்டர் என்றால் அவ்வளவு வராது. பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் இரண்டு வருஷம் ஓடிய பிறகு பிரேக் கட்டை எந்த நிலையில் இருக்கும் என்பது பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே சரிவு முடியும் இடத்தில் வளைவு, தூண், படிக்கட்டு எதுவும் கூடாது. குறைந்தது பத்து மீட்டர் நேராக ஓடவிட வேண்டும்.

தரை வழவழப்பாக இருக்கக் கூடாது. சிலர் அழகுக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் அதில் நிற்கவே முடியாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தென்னை விளக்குமாறால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும். அதுவும் நீளவாக்கில் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

2021 நவம்பர் மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரயில் பாதையே மண்சரிந்து மூடிய மழை அது. சப்வே என்பது நாமே தோண்டி வைக்கும் குளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 76 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், இரண்டு பக்கச் சரிவு. மொத்தம் 1,140 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சரிவில் விழும் தண்ணீர் மட்டுமே 57,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட ஐந்து லாரி. இது போக ஊர் ஓடைத் தண்ணீரும் வயல் தண்ணீரும் உள்ளே பாய்ந்தால் எந்தப் பம்பாலும் சமாளிக்க முடியாது.

ஆகவே பம்பின் குதிரைசக்தியைப் பற்றிப் பேசும் முன்னால் வெளித் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது எப்படி என்று கேளுங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் சாலையை ஒரு சாண் உயர்த்தி, அதற்கு வெளிப்புறம் குறுக்கே ஓடை வைத்து, அந்த ஓடையைப் பக்கத்தில் தோடு என்று நாங்கள் சொல்லும் சிற்றாற்றுக்கோ குளத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் படத்தில் ஓடை இருந்தது; அது எங்கே போய் விழுகிறது என்பது இல்லை. கோடு வரைபடத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் வாங்கும் படத்திலும் ஓடையை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். கடைசியில் ஒரு குளத்தின் பெயரோ தோட்டின் பெயரோ எழுதியிருக்க வேண்டும்.

பம்புக்கு ஜெனரேட்டர் தனியாக வேண்டும். பெருமழையும் காற்றும் வரும் நாளில்தான் ரப்பர் மரமும் தென்னையும் கம்பிமேல் விழும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்.

கம்பி மூடிக்கு வருகிறேன். கம்பிகள் போகும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும், இடைவெளி 2 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூடி தரையோடு சமமாக இருக்க வேண்டும், ஓரத்தில் ஆடக் கூடாது. இதை வரைபடத்திலேயே எழுத்தாக எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே நீளவாக்கில் போட்டிருந்தால் மாற்றிக் கொடுப்பதற்குக் காத்திருக்க வேண்டாம். எங்கள் பழைய மூடிமேல், நான் விழுந்து மூன்று மாசம் கழித்து, வெல்டிங் பட்டறைக்காரத் தம்பி பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுப் பட்டைக் கம்பிகளைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே பற்றவைத்தான். ஒரு மத்தியான வேலை. சப்வேயை இடிக்கும்வரை அங்கே வேறு யாரும் விழவில்லை.

வாய்ப்பகுதி

சப்வேக்குள் நடப்பதைவிட, அதிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடக்கும் இடத்தில்தான் எனக்குப் பயம். சரிவின் பக்கச்சுவர் மறைப்பதால் மேடையிலிருந்து வரும் சைக்கிளை வண்டிக்காரர் பார்க்க மாட்டார். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஆளைப் பார்த்து நிற்க 45 மீட்டர் தூரம் வேண்டும். 30 கிலோமீட்டர் என்றால் 30 மீட்டர். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மீட்டர் உயரக் கம்பில் சிவப்புத் துணி கட்டி, மேடை முடியும் இடத்தில் நட்டுவிட்டு, சாலையில் 45 மீட்டர் தள்ளிப் போய், கார் ஓட்டுபவர் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். துணி தெரியாவிட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் தெரியாது. பக்கச்சுவரின் கடைசி ஐந்தாறு மீட்டரைச் சுவராக இல்லாமல் கம்பி வேலியாக வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இது கிடைத்தது, செலவும் குறைந்தது.

கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி மேல்தட்டையாக ஒரு மேடு கேளுங்கள். நடப்பவர் இறங்காமல் கடப்பார், வண்டி தானாக வேகம் குறைக்கும். ஐ.ஆர்.சி. சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்களில் ஒரு அடி அகலத்தில் திடீரென்று எழும்பி நிற்கும் மேடுகளால் சைக்கிள்காரருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கும்தான் கேடு. அதிர்வுக் கோடுகள் போட்டால் ஓரத்தில் ஒரு மீட்டர் சைக்கிளுக்கு விட்டுப் போடச் சொல்லுங்கள்.

மேடையில் பைக் ஏறாமலிருக்க வாயில் கம்பம் நடுவார்கள். கம்பங்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போகக் குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் போகும். ஆகவே கம்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் மேடையில் முதல் மாசம் பைக் ஓட்டியவர்களை நிறுத்தியது காலையில் ஏழரையிலிருந்து அங்கே நின்ற தாய்மார்கள்தான்.

படிக்கட்டு வைத்தால் அதன் ஓரத்தில் சைக்கிளை உருட்டக் குழிவான பள்ளம் வைப்பார்கள். அது சுவரிலிருந்து 35–40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்களுடையது சுவரை ஒட்டியே இருக்கிறது. சைக்கிளை அதில் வைத்தால் பெடலும் ஹேண்டிலும் சுவரில் இடிக்கின்றன. யாரும் பயன்படுத்துவதில்லை.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக: ராத்திரியைவிடப் பகல்தான் கண்ணுக்குச் சிரமம். உச்சி வெயிலிலிருந்து உள்ளே நுழையும் வண்டிக்காரருக்கு இரண்டு மூன்று விநாடி ஒன்றும் தெரியாது. ஆகவே பகலிலும் எரியும் விளக்கு, வெள்ளைச் சுவர். இரட்டைப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தால் நடுவில் வானம் தெரிய இடைவெளி விட முடியும். மேலே கம்பி வலையோடு. எங்களுக்கு முக்கால் மீட்டர் இடைவெளி கிடைத்தது. நடுவில் வந்ததும் வெயில் விழுகிறது. அங்கே பயமே தோன்றுவதில்லை.

"எத்தனை பேர் போறாங்க?"

இந்தக் கேள்வியை எல்லா அலுவலகத்திலும் கேட்பார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், வண்டி கணக்கு எங்ககிட்ட இருக்கு. நடக்கிறவங்க கணக்கு உங்ககிட்ட இருக்கா?" இல்லை. திரும்பி வந்தோம்.

அடுத்த வாரம் செவ்வாய், புதன் இரண்டு நாள், காலை ஏழரை முதல் ஒன்பதரை, மாலை நாலு முதல் ஐந்தரை, கால் மணிக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டில் கோடு கோடாகக் குறித்தோம். நடப்பவர், சைக்கிள் மிதிப்பவர், சைக்கிளை உருட்டுபவர், தலைச்சுமை, கைத்தடி, பிள்ளையைக் கையில் பிடித்தவர் என்று தனித்தனிக் கட்டம். உருட்டுபவர் கணக்கு முக்கியம். அவர்கள் ஏறமுடியாத சரிவுக்குச் சாட்சி. இன்னொரு கட்டமும் போடுங்கள்: சப்வேக்குள் இறங்காமல் தண்டவாளத்தின் மேலேயே ஏறிக் கடப்பவர். புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்திருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். தண்டவாளத்தைக் கடப்பது 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனாலும் முழங்கால் வலியுள்ள பாட்டி 76 மீட்டர் இறங்கி 76 மீட்டர் ஏறுவதைவிட அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போவார். ஒற்றைப் பாதையாக இருந்தபோது ஒரு ரயில் போனால் கடந்துவிடலாம். இரட்டைப் பாதையில் போகிற ரயிலுக்குப் பின்னால் எதிரே வரும் ரயில் மறைந்திருக்கும். மேடை வேண்டும் என்று நாங்கள் வைத்த காரணங்களில் பொறியாளர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

கணக்கையும் படங்களையும் அளவுகளையும் சேர்த்து ஒரே மனுவாகக் கிராம சபையில் தீர்மானம் ஆக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவையும் மனுவில் எழுதலாம். சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்மேல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்யும் பிரிவு அது. மிரட்டுவது போல் எழுத வேண்டாம். ஒரு வரி போதும்.

வேலை நடக்கும் மாசங்களுக்கும் வழி கேட்க மறக்காதீர்கள். எங்கள் சப்வே பதினோரு மாசம் மூடிக்கிடந்தது. வண்டிகளுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றுவழி பலகை வைத்தார்கள். நடப்பவருக்கு ஒன்றும் வைக்கவில்லை. நாங்கள் போய்க் கேட்ட பிறகுதான் பள்ளி நேரத்தில் ஒரு காவலாளைத் தண்டவாளத்தின் பக்கம் நிறுத்தினார்கள்.

திறந்த பிறகு முதல் பெருமழைக்குக் காத்திருங்கள். நாங்கள் மேடைச் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். பம்பு ஆபரேட்டரின் அலைபேசி எண்ணையும் இரண்டு வாயிலும் பெரிதாக எழுத வைத்தோம். போன அக்டோபரில் ராத்திரி முழுக்கப் பெய்தது. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். சாலையில் தண்ணீர் நாலாவது கோட்டில் நின்றது, பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் சுவர் இணைப்பு ஒன்றில் மட்டும் கசிவு, வேறு ஈரமில்லை. மீன்கார அக்கா குளச்சல் பஸ்ஸுக்கு வெறும் சட்டியோடு அதன் வழியாகத்தான் போனார். கசிவை அடைத்துவிட்டார்கள். படிக்கட்டுப் பள்ளத்தைச் சுவரிலிருந்து தள்ளிப் போடவில்லை. நவம்பர் 1 கிராம சபைக்கு அதற்கான மனு எழுதி வைத்திருக்கிறேன்.